வெறும் தண்ணீருக்கு நிறம் வந்த நாள்

– அப்படின்னா உள்ள வரவே மாட்டே.

– எத்தனை வாட்டி சொல்றது? கதவைச் சாத்துங்க. நான் வெளியில ஸ்டூல் போட்டுக் கண்ணாடி வழியாப் பாத்துக்கறேன். நீங்க பேசறது மைக்ல நல்லாவே கேக்குது.

– கேக்கறது கேக்கட்டும். இத்தனை வருஷத்துல இந்த ஃபீனால் பாட்டிலை வேற ஒரு ஈ காக்காயைத் தொட விட்டிருக்கியா நீ? கட்டின புருஷனுக்கே தர மாட்டே. "நீங்க மெஷின்கிட்ட இருங்க, ஒப்பிட்டுப் பாக்கற ஸ்டாண்டர்டு கரைக்கிறது என் வேலை"ம்பே. இப்ப என்னடான்னா கொஞ்ச நாளா வாசப்படியைக்கூட மிதிக்க மாட்டேங்கறே.

– உங்களுக்கும் அனுமதி இருக்கில்ல? இந்த லேபுல ஃபீனால் நிறுத்துக் கரைக்கிறதுக்கு அனுமதி வாங்கினவங்க ரெண்டே பேரு. ஒண்ணு நான், இன்னொண்ணு என்னைக் கட்டிக்கிட்டவரு. பரீட்சை எழுதி வாங்கினதை எதுக்கு வச்சிருக்கீங்க, கண்ணாடி போட்டு மாட்டவா?

– அது நீ லீவு போட்டா உதவும்னு வாங்கினது, தாயே. நீதான் லீவே போட மாட்டியே.

– இன்னைக்கு லீவுன்னு வச்சுக்கோங்க.

– லீவு போட்டவ எதுக்கு ஸ்டூல்ல உக்காந்து முறைச்சுக்கிட்டு இருக்கே?

– எதையாவது கவுத்துடப் போறீங்கன்னுதான்.

– கவுக்கக் கூடாதுன்னா நீ வா. அதுவும் இன்னைக்கா என்னை மாட்டி விடறே? தேர்வுத் தண்ணி வந்திருக்கிற நாள்ல?

– தேர்வுத் தண்ணியும் தண்ணிதாங்க.

– உனக்கு வாயில வர்றது சுலபம். அதுல எவ்வளவு ஃபீனால் கலந்திருக்குன்னு அனுப்பினவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. போன வாட்டி நாம சொன்ன நம்பர் ஊருக்கு வெளிய போய் விழுந்துது. இந்த வாட்டியும் விழுந்தா, இந்த லேபுல ஃபீனால் பாக்கறதில்லைன்னு போர்டையே கழட்டிடுவாங்க. அப்புறம் கிணத்துத் தண்ணியைத் தூக்கிக்கிட்டு வர்ற ஜனம் வேற எங்கயாவது ஓட வேண்டியதுதான். நம்பர் வேற சாயங்காலத்துக்குள்ள போயாகணும். இத்தனையும் என் தலையிலயா?

– உங்க தலையில இல்லை, கையில. பேசிப் பேசி நேரத்தைக் கரைக்காதீங்க, ஃபீனாலைக் கரைங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. அங்க என்ன வாசனை? மாடிப்படி ஏறும்போதே எனக்கு வந்துது. ஆஸ்பத்திரி மாதிரி.

– என்னைக் கேக்கறே பாரு. எனக்கு மூக்கடைச்சு நாலு நாள் ஆச்சு. ரோஜாவும் சாக்கடையும் எனக்கு இப்ப ஒண்ணுதான்.

– ஃபீனால் பாட்டில் மூடி தளர்ந்திருக்கா பாருங்க.

– இறுக்கமா இருக்கு. உன் மூக்குக்குத்தான் இப்பல்லாம் எல்லாமே வாசனை. போன வாரம் என் தலையெண்ணெய் நாறுதுன்னு தலையணையைத் தூக்கி ஹால்ல போட்டியே.

– நாறிச்சு, போட்டேன்.

– கல்யாணத்துலேர்ந்து அதே எண்ணெய்தான்.

– கல்யாணத்துலேர்ந்தே நாறியிருக்கு. பொறுத்துக்கிட்டேன். சரி, என் மூக்குதான் சரியில்லைன்னு வச்சுக்குவோம். கிளவுஸ் எது போட்டிருக்கீங்க?

– நீலம்.

– அந்த மெல்லிசா? அது மெஷின் துடைக்கப் போடறது. ஃபீனால் பட்டா அதுக்குள்ள சல்லடையில இறங்கற மாதிரி இறங்கிடும். மேல அந்தக் கறுப்பைப் போடுங்க, கனமானதை.

– அதைப் போட்டா கை யானைக் காலு மாதிரி ஆயிடுது. ஸ்பூனைப் பிடிக்கறதா, ஸ்பூன் என்னைப் பிடிக்கறதா?

– யானையே ஊசியை எடுக்குமாம், நீங்க ஸ்பூனை எடுங்க. கண்ணாடி? ஏப்ரன்?

– போட்டாச்சு. நிலாவுக்குப் போறவன்கூட இவ்வளவு மாட்டிக்கிட்டுப் போக மாட்டான்.

– அவனுக்கு அங்க ஃபீனால் கிடையாது. உங்க மணிக்கட்டுல அன்னைக்கு வெள்ளையா ஒரு திட்டு வந்துதே, மறந்து போச்சா? "ஒண்ணுமே வலிக்கலையே"ன்னு பல்லைக் காட்டிக்கிட்டு நின்னீங்க.

– வலிக்கத்தான் இல்லையே.

– அதான் அதோட குணம். முதல்ல மரத்துப் போக வைக்கும், அப்புறம் மெல்லத் திங்கும். வலிக்கற வரைக்கும் காத்திருந்தா எலும்பைத்தான் பாக்கணும்.

– ஆனா அன்னைக்கு எனக்கு ஒரு நல்லதும் நடந்துது. ஃபீனாலைத் துடைச்செடுக்கற அந்தக் கிளைக்கால் மருந்தைப் பஞ்சுல தொட்டுத் தொட்டுத் துடைச்சே. அப்புறம் குழாயடியில என் கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னே. இப்ப விடுவா, இப்ப விடுவான்னு பாத்தேன். விடவே இல்லை.

– தண்ணி நல்லா ஓடணும்னு பிடிச்சேன்.

– ஆமா, தண்ணிக்காக. அடுத்த மாசமே எங்கம்மா உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தது தண்ணிக்காகத்தான்.

– உங்க திருப்புகழைப் பாடினது போதும். கிளைக்கால் பாட்டில் கைக்கு எட்டற தூரத்துல இருக்கா?

– இருக்கு. இடது பக்கம்.

– ஆவியை வெளிய தள்ளற ஹூட்ல காத்து இழுக்குதா?

– இழுக்குது. முன்னால கட்டின துணித்துண்டு உள்ள பாத்து ஆடுது.

– இப்ப பாட்டிலைத் திறங்க. மூஞ்சியை நீட்டாதீங்க. கிறிஸ்டல் என்ன நிறம்?

– வெள்ளை.

– வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. போன வாட்டி பழைய பாட்டிலைப் பாத்து "லேசா ரோஸ்தான், பரவாயில்லை"ன்னு ரெண்டு பேரும் சேர்ந்து தலையாட்டினோம். அந்த ரோஸ்தான் நம்மளைக் கவுத்துது.

– இது ஊசி ஊசியா வெள்ளை. உன் பல்லு மாதிரி.

– அப்படின்னா தூக்கிப் போடுங்க. என் பல்லு மஞ்சள்.

– சும்மா உவமைக்குச் சொன்னா உடனே நம்பர் கேப்பா. வெள்ளைன்னா வெள்ளை. எடுக்கறேன். கொஞ்சம் பேசாம இரு, தராசு துடிக்குது.

– அதாவது, மேடம், குட் மார்னிங். நீங்க இந்த மஞ்சக் கோட்டைத் தாண்டலையே?

– வாங்க சார். இல்லை சார், இங்கயேதான் உக்காந்திருக்கேன்.

– அதாவது, பாதுகாப்பு ஆபீசர்ங்கற முறையில நான் வந்து பாக்கணும். பாத்துட்டேன். அதாவது, அன்னைக்கு நீங்க என் ரூமுக்கு வந்து சொன்னதை நான் மூச்சு விடலை. அதாவது, உங்க வீட்டுக்காரர் காதுக்குக்கூட...

– சார், மைக் ஆன்ல இருக்கு.

– அதாவது... நான் அந்தப் பக்கம் தீயணைப்பான் எல்லாம் பாத்துட்டு வரேன்.

– என்ன சொல்லிட்டுப் போறாரு அந்த அதாவது?

– நீங்க தராசைப் பாருங்க.

– பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஊரைக் காப்பாத்தற ஆபீசருக்குத் தெரிஞ்ச விஷயம், வீட்டைக் காப்பாத்தற எனக்குத் தெரியக் கூடாதா?

– நம்பர் போகட்டும், சொல்றேன்.

– இப்ப சொன்னா என்ன?

– சொன்னா தராசு துடிக்கறதை விட நீங்க அதிகமாத் துடிப்பீங்க. எவ்வளவு காட்டுது?

– வேண்டியதை விட ஒரு மயிரிழை அதிகம்.

– அது போதும். கூடுதலா இருக்கறதைத் திரும்பப் பாட்டில்ல போடாதீங்க. உள்ளதை உள்ளபடி எழுதிக்குவோம், கணக்குல பாத்துக்கலாம். மூடியைப் போட்டு பாட்டிலை முதல்ல ஓரமா வைங்க. இப்ப பிளாஸ்க்ல தண்ணி. தண்ணி காய்ச்சினதுதானே?

– காய்ச்சினது, ஆறினது. விடியும் முன்னாடியே வந்து காய்ச்சி வச்சிட்டேன். என்னைப் பத்தி என்ன நினைச்சே?

– ஏன் அவ்வளவு சீக்கிரமாக் கிளம்பினீங்கன்னுதான் நினைச்சேன். கோடு வரைக்கும் ஊத்துங்க. குனிஞ்சு, கண்ணுக்கு நேரா வச்சு.

– முட்டி மடங்க மாட்டேங்குது.

– மடக்குங்க. மேலேர்ந்து பாத்தா கோடு பொய் சொல்லும்.

– சரி, தொட்டுது. மூடிக் குலுக்கிட்டேன். கிறிஸ்டல் போன இடம் தெரியலை.

– லேபிள்?

– வந்துட்டாடா லேபிள் மகாராணி. எழுதறேன். ஃபீனால். எவ்வளவு கனம். இன்னைக்குத் தேதி. என் கையெழுத்து. மண்டையோட்டுப் படம் ஒட்டிட்டேன். அந்த மண்டையோடு என்னைப் பாத்துச் சிரிக்குது.

– தெரிஞ்சவரைப் பாத்தா சிரிக்கும். இப்ப அதுலேர்ந்து கொஞ்சம் எடுத்துத் தண்ணி கலந்து நடுத்தரமா ஒண்ணு. அதுலேர்ந்து எடுத்து இன்னும் இளசா ஒண்ணு. கடைசியா வர்றது ரொம்ப நேரம் தாங்காது, கலந்த சூட்டோட வரிசையா ஊத்திடணும். பைப்பெட்டை வாயில வச்சு உறியாதீங்க.

– உறியறதுக்கு நான் என்ன இளநீரா குடிக்கறேன்? ரப்பர் பல்பு இருக்கு. நீ கொஞ்சம் பேசாம இரேன்.

– சரி, பேசலை.

– பேசாம இருன்னா உண்மையிலயே பேசாம இருக்கியே. பயமா இருக்கு. ஏதாவது பேசு.

– ஒரு முடிவுக்கு வாங்க.

– வந்தாச்சு. வரிசையா நிக்குது பாரு. முதல்ல பிளாங்க், வெறும் தண்ணி. அடுத்து இளசு, அதுக்கடுத்து கொஞ்சம் கெட்டி, இப்படியே கடைசி வரைக்கும். அம்மோனியா ஊத்திட்டேன். ரெண்டாவது மருந்தும் ஊத்தியாச்சு. இப்ப மூணாவது... எல்லாத்துக்கும் நிறம் வருது. அழகு. பொழுது விடியற மாதிரி.

– நல்லது. எனக்கும் கொஞ்சம் கொஞ்சமா மூச்சு வருது.

– இரு, இரு.

– என்னங்க? என்ன ஆச்சு?

– பிளாங்கைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

– அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? வெறும் தண்ணி. மருந்தோட மஞ்சள் மட்டும் வெளிறி நிக்கும்.

– நிக்கலை.

– பின்ன?

– செவக்குது.

– எது?

– வெறும் தண்ணி. ஃபீனால் ஒரு சொட்டுகூட விடாத தண்ணி, வெக்கப்படற மாதிரி செவக்குது.

– கண்ணாடிகிட்ட கொண்டு வந்து காட்டுங்க. அடப்பாவமே. இது பிளாங்க் இல்லை, இளசு மாதிரி இருக்கு. குழாய் மாறிப் போச்சா?

– மாறலை. குறி போட்டிருக்கேன்.

– மருந்து?

– புதுசு. நேத்து நீ பக்கத்து ரூமுல உக்காந்து கரைச்சுக் குடுத்தது.

– பிளாஸ்க் கழுவினது?

– நானே கழுவினேன்.

– அப்ப தண்ணி. காய்ச்சின தண்ணியை எங்க ஆற வச்சீங்க?

– இங்கதான். சீக்கிரம் ஆறட்டும்னு மூடாம, ஜன்னலுக்குக் கீழ தரையில வச்சேன்.

– தரையிலயா?

– தரை சுத்தமாத்தான் இருந்துது. நீ வேற, பளபளன்னு இருந்துது. அப்பத்தான் துடைச்சேன்.

– நீங்க துடைச்சீங்களா? நம்ம வீட்டுல கீழ பால் கொட்டினாக்கூடத் தாண்டிப் போறவரு, லேபைத் துடைச்சீங்களா? எதைப் போட்டுத் துடைச்சீங்க?

– வீட்டுலேர்ந்து எலுமிச்சை சோப்புத் தண்ணி கொண்டாந்தேன். பாத்ரூம் அலமாரியில இருந்துதே, பச்சைப் பாட்டில். எலுமிச்சம்பழப் படம் போட்டது.

– வாளியில ஊத்தினதும் என்ன ஆச்சு?

– இருட்டுல ஊத்தறப்ப நிறம் தெரியலை, தண்ணியில பட்டதும் பால் மாதிரி வெள்ளையா வந்துது. என்ன ஒரு சோப்புன்னு சந்தோஷப்பட்டேன்.

– அது சோப்பு இல்லைங்க.

– பாட்டில்ல எழுதியிருக்கேடீ.

– எழுதியிருக்கு. பொண்ணு ஹாஸ்டல்லேர்ந்து வந்திருந்தப்ப அந்தச் சோப்பைக் காலி பண்ணிட்டா. பாட்டில் நல்லா இருக்கேன்னு, நான் அதுல வேற ஒண்ணை ஊத்தி வச்சேன்.

– எதை?

– சொன்னா சிரிக்கக் கூடாது.

– சொல்லு.

– பினாயில். கறுப்புப் பினாயில்.

– க்கும்... க்கும்...

– சிரிக்காதீங்கன்னு சொன்னேன்.

– சிரிக்கலை, மூக்கடைப்பு. பினாயிலா? ஃபீனால் பாக்கற அறையில, தேர்வுத் தண்ணி பாக்கற நாள்ல, வாளி நிறைய பினாயில் கரைச்சு மூலை முடுக்கெல்லாம் மெழுகியிருக்கேன் நான். அதோட ஆவி பூரா அந்தத் தண்ணி உக்காந்து குடிச்சிருக்கு. செவக்காம என்ன பண்ணும்?

– நான் மாடிப்படியிலயே சொன்னேன், வாசனைன்னு.

– சொன்னே. ஆனா நீ ஒண்ணைச் சொல்லலை. இங்க ஒரு சொட்டுத் தண்ணிக்கு லேபிள் ஒட்டலைன்னா நாள் பூரா சாமியாடறவ, வீட்டுல எலுமிச்சம்பழப் படத்துக்குள்ள பினாயிலை ஒளிச்சு வச்சிருக்கேன்னு.

– தப்புதான். எப்பவோ ஒரு நாள் ஒட்டலாம்னு இருந்தேன். என்னை மண்டையோடு பாத்துச் சிரிக்கட்டும்.

– நம்ம தெருக்காரங்க ஆனந்தப்படுவாங்க. "ரெண்டு பேரும் பினாயில் கம்பெனியில வேலை பாக்கறாங்க"ன்னுதானே நம்ம வீட்டுக்கு வழி சொல்றாங்க? ஃபீனால், பினாயில் இல்லை, ஃபீனால்னு எத்தனை வாட்டி தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். இன்னைக்கு அவங்க சொன்னதை நானே நிரூபிச்சுட்டேன்.

– போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எதுக்கு விடியக்காலையில எழுந்து ஓடி வந்து துடைச்சீங்க?

– தண்ணியைக் கொட்டவா முதல்ல?

– கொட்டலாம். சொல்லுங்க.

– அறை பளபளன்னு இருந்தா உனக்கு விட்டுட்டுப் போக மனசு வராதுன்னு நினைச்சேன்.

– நான் எங்க போறேன்?

– தலைமை ஆபீஸுக்கு. அங்க உன்னைக் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு அந்த அதாவது ரூம் வாசல்ல நான் நின்னுக்கிட்டு இருந்தேன். "இனிமே நான் அந்த அறைக்குள்ள போக முடியாது சார், வேற ஏற்பாடு பண்ணுங்க"ன்னு நீ சொன்னது காதுல விழுந்துது.

– அதுக்கப்புறம் சொன்னது?

– அதுக்கப்புறம் நிக்கத் தைரியம் இல்லை. டீக்கடைக்குப் போயிட்டேன்.

– ஒட்டுக் கேக்கறதைக்கூட முழுசாச் செய்யத் தெரியாத மனுஷன்.

– இல்லைன்னா உடம்புக்கு ஏதாவதா? அதையாவது சொல்லிடு. ராத்திரி எல்லாம் அதையே நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்.

– உடம்பெல்லாம் நல்லா இருக்கு. டாக்டர்கிட்டயும் போயிட்டு வந்தேன். நல்லா இருக்கேன்னுதான் சொன்னாங்க. என் மூஞ்சியைப் பாத்தா நோயாளி மாதிரியா இருக்கு?

– இல்லை. கொஞ்சம் பூசின மாதிரி நல்லாத்தான் இருக்கே. அப்ப தலைமை ஆபீஸ்தான். நான் மேனேஜரைப் பாத்துச் சொல்லிட்டேன்.

– என்னன்னு?

– அவளை அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்புங்க, அங்க வேலை இல்லைன்னா பாட்டில் கழுவற வேலையாவது குடுங்கன்னு.

– அய்யோ, அவரு என்ன சொன்னாரு?

– என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "வீட்டுல பேசிட்டு வாங்க"ன்னாரு.

– நல்ல மனுஷன். மானத்தைக் காப்பாத்திட்டாரு. என்னங்க, இங்க பாருங்க. நான் எந்த ஆபீஸுக்கும் போகலை. மிச்சத்தைச் சாயங்காலம் சொல்றேன். இப்ப நேரம் இருக்கு, எல்லாத்தையும் முதல்லேர்ந்து போடலாம்.

– நிஜமாப் போகலையே?

– போகலை. அந்தத் தண்ணியில கலந்தது ஒண்ணு விடாம கழிவு கேன்ல ஊத்துங்க. சிங்க்ல இல்லை, கேன்ல. உலோகம் பாக்கற செக்‌ஷன்ல ஒரு ஹூட் சும்மா இருக்கு, அங்க போயிடலாம். அங்க எலுமிச்சம்பழம் கிடையாது.

– தண்ணி?

– கீழ் மாடியில புதுசா வடிச்சது இருக்கும். அங்கயே காய்ச்சச் சொல்லி, மூடியோட வாங்கிட்டு வாங்க. உங்க ஷூவைக் கழட்டுங்க, அதோட அடியிலயும் பினாயில்தான் இருக்கும்.

– வெறுங்காலோட லேபுக்குள்ளயா? அதாவது பாத்தா விசிலை ஊதிடுவாரு.

– அலமாரியில வேற ஜோடி இருக்கு, அதை மாட்டிக்கோங்க. போகும்போது இந்த ஸ்டூலையும் தூக்கிட்டு வந்து அங்க வாசல்ல போடுங்க.

– ஒரு ஸ்டூலைத் தூக்க மாட்டியா நீ?

– மாட்டேன்.

– தலைமை ஆபீசுக்குப் போகாமயே தலைமை ஆபீசர் ஆயிட்டே. சரி, தூக்கறேன், தாயே.

– மெதுவா. அவசரத்துல தடுக்கி விழாதீங்க.

– இதோ போட்டாச்சு. உக்காரு. இங்க மைக் இல்லை, கதவுல இருக்கற ஓட்டை வழியாத்தான் பேசணும்.

– கத்தறேன். உங்களுக்குப் பழக்கம்தானே.

– மறுபடி கறுப்புக் கிளவுஸ், மறுபடி யானைக் காலு. நிறுத்தாச்சு. இந்த வாட்டி சரியா வந்து நின்னுது பாரு, மயிரிழைகூட இல்லை.

– முட்டி?

– மடக்கிட்டேன். கோட்டுல தொட்டுது.

– லேபிள்?

– மண்டையோடு சிரிக்கலை. மரியாதையா இருக்கு.

– பிளாங்க்?

– மருந்து ஊத்தறேன். இரு. பாத்துக்கிட்டே இருக்கேன்... வெளிறின மஞ்சள். பழைய செய்தித்தாள் மாதிரி. உன் பல்லு மாதிரி.

– இந்த வாட்டி உவமை சரி. மெஷின் என்ன சொல்லுது?

– படிப்படியா ஏறுது. ஒண்ணுக்கு மேல ஒண்ணு, கோடு கிழிச்ச மாதிரி. தெரிஞ்ச அளவுல நாம கலந்து வச்ச தண்ணியையும் வச்சுப் பாத்துட்டேன், நாம கலந்ததைத்தான் காட்டுது.

– அப்ப தேர்வுத் தண்ணியை வைங்க. ரெண்டு வாட்டி வைங்க.

– வச்சாச்சு. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. நம்பரைச் சொல்றேன், நீ அங்க வெளிய இருக்கற கம்ப்யூட்டர்ல தட்டு.

– தட்டிட்டேன். அனுப்பவா?

– இரு, நான் கண்ணை மூடிக்கறேன்.

– போயிடுச்சு. நாமதான் கடைசி லேப் போல, உடனே முடிவைத் திறக்குது. சுத்துது... சுத்துது...

– எனக்கும்.

– கண்ணைத் திறங்க. பச்சை.

– நல்லாப் பாரு.

– பச்சைங்க. நம்ம நம்பரும் அவங்க நம்பரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கு. போர்டு அங்கயே இருக்கும்.

– அதாவது, நம்பர் போயிடுச்சா மேடம்?

– போயிடுச்சு சார். சரியா வந்துடுச்சு.

– அதாவது, ரொம்ப சந்தோஷம். அதாவது, இனிமே சாருக்குச் சொல்லிடலாம் இல்லையா? ஒரு வாரமா இவரைப் பாத்தாலே நான் வேற பக்கமாப் போயிடறேன். நான் இரகசியம் காக்கிற ஜாதி இல்லை, அதாவது...

– சொல்றேன் சார். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போனீங்கன்னா.

– அதாவது, போயிட்டேன்.

– எல்லாத்தையும் கழட்டிட்டீங்களா? கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?

– கழுவினேன். ரெண்டு தடவை.

– வாங்க, இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

– நான் நிக்கறேன். அந்த ஆளுக்கு ஏன் முதல்ல சொன்னே, அதை மட்டும் சொல்லு. மனசு ஆற மாட்டேங்குது.

– அந்த அறையோட சட்டம் அப்படி. தெரிஞ்ச அன்னைக்கே பாதுகாப்பு ஆபீசருக்குச் சொல்லியாகணும், சொல்லிட்டு ஒதுங்கிடணும். புருஷனுக்கு எப்ப சொல்லணும்னு சட்டத்துல போடலை. முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருந்தா, இன்னைக்கு அந்த ஸ்பூனைப் பிடிச்சிருப்பீங்களா?

– பிடிச்சிருக்க மாட்டேன். நீ விஷயத்துக்கு வா.

– போனை எடுங்க. ஹாஸ்டலுக்குப் போட்டு, தம்பி வேணுமா தங்கச்சி வேணுமான்னு நம்ம பொண்ணுகிட்ட நீங்களே கேளுங்க. இந்த வயசுல எனக்குக் கேக்க வெக்கமா இருக்கு.